புளி: பெயரும் வரவும்
கிருட்டிணகிரி, ஓசூர்ப் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழர் அடுக்களையில் உப்புக்கு அடுத்து இன்றியமையாத இடம் பெறுவது புளி. ஊர்ப்புறத்திலும், சாலையோரத்திலும், ஏரிக்கரையிலும் புளியமரம் நில்லாத தமிழகப் பகுதி அரிது. கிருட்டிணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளி முதலிய ஊர்களைக் கொண்ட கருநாடக எல்லைப்புறமோ புளி விளைவாலும் புளி வாணிகத்தாலும் பெயர்பெற்றது. இத்துணைப் பழக்கமான மரம் இம்மண்ணிலேயே தோன்றியது என்று கருதுவது இயல்பே. ஆயின், செடிநூல் வல்லார் இதன் பிறப்பிடம் ஆப்பிரிக்காவின் வெப்பப் புல்வெளிக் காடுகள் என்பர். சூடான், எத்தியோப்பியா, கென்யா, தான்சானியா, செனகல் முதலிய நாடுகளில் இது யாரும் நடாமல் தானே வளரும் காட்டுமரம்.

இவ்வுண்மையைக் கேட்டவுடன் இருவகை எண்ணங்கள் எழக் காண்கிறோம். 'புளி என்பது தூய தமிழ்ச்சொல். ஆதலின் மரமும் தமிழ்நாட்டதே' என்பது ஒன்று. 'மரம் வந்தேறி; ஆதலின் நம் பழைய நூல்களில் வரும் புளி வேறொன்றாதல் வேண்டும்' என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா என்பது நம் துணிபு. ஒரு பெயர் எதனைச் சான்று கூறும், எதனைக் கூறாது என்பதைப் புளியைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். எல்லைப்புற வழக்கை முன்வைத்தமைக்குக் காரணம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியும் ஒரே சந்தையில் ஒரே பொருளைப் பெயரிட்டு வழங்கும் இடம் அது.

2. இலக்கணச் சான்று

முதற்கண் தொல்காப்பியத்தை நோக்குவோம். எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில் ஆசிரியர் புளி என்னும் சொல்லை இரண்டாகப் பகுத்து விதி கூறுகிறார். மரத்தை உணர்த்தும் புளி என்னும் சொல், வருமொழியோடு புணருங்கால் அம்முச் சாரியை பெறும். சுவையை உணர்த்தும் ஏனைப் புளி, சாரியை பெறாது மெல்லெழுத்து மிகும். வல்லெழுத்து மிகினும் குற்றமில்லை. மரமாயின் புளியங்கோடு, புளியம்பூ. சுவையாயின் புளிங்கூழ், புளிஞ்சாறு என வரும். பிற்காலத்து நன்னூலாரும் 'சுவைப்புளி' என அடைகொடுத்து இவ்வேறுபாட்டைப் போற்றினார்.

இவ்விதி ஏட்டளவில் நின்றுவிட்டதன்று. இன்றும் எழுத்தறியாதாரும் புளியம்பழம், புளியங்கொட்டை, புளியந்தளிர் என்றே மொழிவர். புளியங்குடி, புளியங்குளம், புளியந்தோப்பு, புளியம்பட்டி என்னும் ஊர்ப்பெயர்கள் அனைத்தும் மரப்பெயர்ப் புணர்ச்சியையே காட்டும். சுவைப்பெயரோ புளிக்குழம்பு, புளிச்சோறு என வல்லெழுத்து மிக்கு வழங்குகிறது. அஃதும் ஆசிரியர் உடன்பட்டதே. இடைக்காலக் கோயிற் கல்வெட்டுகளின் அமுதுபடிப் பட்டியல்களில் புளிங்கறி என்னும் வடிவம் மெல்லெழுத்துப் பெற்று வரக் காணலாம். சேரநாட்டார் இன்றும் அப்பெயரால் ஒரு கறி சமைப்பர்.

ஈண்டு நாம் கருதத்தக்கது யாது? தொல்காப்பியத்தின் காலம் பற்றி அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. அதனைப் பிற்படுத்துவோருட் பலர் கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டி நிறுத்துவர். அக்காலத்திற்கு முன்னரே, மரமும் சுவையும் பேச்சில் தனித்தனிப் புணர்ச்சி பெறும் அளவிற்கு இம்மரப்பெயர் தமிழில் வேரூன்றிவிட்டது. நேற்று வந்த பொருளுக்கு இலக்கணம் தனிவிதி வகுப்பதில்லை. மக்கள் நாவில் பல தலைமுறை பயின்ற பின்னரே அத்தகைய வேறுபாடு நிலைபெறும்.

3. இலக்கியச் சான்றும் எச்சரிக்கையும்

இலக்கியத்தில் புளி என்று வருமிடமெல்லாம் மரப்புளி எனக் கொள்ளுதல் பிழையாம். குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் புதுமணத் தலைவி தன் கையால் ஆக்கிய புளிச்சுவைக் குழம்பு பேசப்படுகிறது. ஆங்கு அவள் விரலாற் பிசைந்தது தயிர். எனவே அப்புளிப்பு தயிரின் புளிப்பாதல் கூடும். யாப்பிலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்த 'புளிமா' என்னும் வாய்பாட்டிலும் புளி என்பது மாவிற்கு அடையாய் நின்ற சுவைப்பெயரே. நெல்லி, மா, களா, மோர் எனப் புளிப்புத் தரும் பொருள்கள் பல இருந்த நாட்டில் சுவைப்பெயர் மரப்பெயரினும் முந்தியதாதல் இயல்பு.

மலைபடுகடாம் கூறும் செய்தி இவ்வாராய்ச்சிக்கு மிகவும் உரியது. நன்னனது நாட்டின் வழியைக் கூறும் அப்பாட்டு, ஆற்றிடை ஊர்களில் விருந்தினர்க்குக் கிடைக்கும் உணவுகளுள் ஒன்றாக அவரையொடு கூடிய புளிங்கூழைக் குறிக்கிறது. நன்னனது செங்கண்மா இன்றைய செங்கம் என்பர். அது திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கில், கிருட்டிணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையை அடுத்துள்ளது. சொல்லின் வடிவம் சுவைப்புளிக்கு உரியது என்பதை மறத்தல் ஆகாது. ஆதலின் இதனால் மரத்தை நேரே நிறுவ இயலாது. எனினும் புளிப்புக் கூழும் அவரையும் கூடிய உணவு இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்பது பெறப்படும்.

4. மும்மொழி வழக்கு

ஓசூர்ச் சந்தையில் தமிழர் 'புளி' என்பதைத் தெலுங்கர் 'சிந்தபண்டு' என்பர். கன்னடர் 'ஹுணசேஹண்ணு' என்பர். மேலோட்டமாக நோக்கின் மூன்றும் தொடர்பற்ற பெயர்களாகத் தோன்றும். ஆயின், கன்னடத்தில் சொன்முதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று என்பது மொழிநூலார் கண்ட உண்மை. பால் 'ஹாலு' ஆயிற்று. பூ 'ஹூ' ஆயிற்று. அவ்வாறே புளி 'ஹுளி' ஆயிற்று. ஹுணசே என்பதன் பழைய வடிவமும் பகர முதலினதே. தெலுங்கில் மரப்பெயர் 'சிந்த' என வேறுபட்டு நிற்பினும், புளிப்பு 'புலுபு' எனவும் புளிக்குழம்பு 'புலுசு' எனவும் வழங்கும். எனவே, தமிழர் புளிக்குழம்பும், தெலுங்கர் புலுசும், கன்னடர் ஹுளியும் ஒரே அடியிற் பிறந்த பெயர்கள்.

தெலுங்கர் 'சிந்த' தமிழுக்கு முற்றிலும் அயலன்று. சிந்தம், சிந்தகம் என்பன புளியைக் குறிக்கும் சொற்களாகத் தமிழ் அகராதிகளில் இடம்பெற்றுள்ளன. வடமொழியில் இதற்கு வழங்கும் சிஞ்சா என்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. எனவே தென்னாட்டு மொழிகளில் இம்மரத்திற்குப் பெயர்கள் இருவகையாய் அமைந்தன எனலாம். ஒன்று சுவையால் வந்தது. மற்றொன்று மரத்திற்கே உரியது. சுவையால் வந்த பெயர் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் நிலைத்தது. மற்றது தெலுங்கில் நிலைத்தது.

இவ்வெல்லைப்புறத்தில் மும்மொழியும் கலந்து வழங்குதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மைசூர் ஆட்சியில் இருந்த பாராமகால் 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் கும்பினியார் வசமாயிற்று. ஓசூர்ப் பகுதி 1799இல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் அவர் கைக்கு வந்தது. சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்த இந்நிலம் 1965இல் தருமபுரி மாவட்டமாயிற்று. அதினின்று 2004இல் கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறிய போதிலும் களத்தில் விளைவதும் கலத்தில் வேவதும் பெரிதும் மாறவில்லை.

5. அடை பெற்ற பெயரும் அடை பெறாப் பெயரும்

ஒரு மரம் அயல்நாட்டினின்று வருமாயின் தமிழர் அதற்கு எவ்வாறு பெயரிடுவர்? பெரும்பாலும், தாம் முன்னரே அறிந்த ஒன்றன் பெயரை எடுத்து அடைகொடுத்து வழங்குவர். சீமைக்கருவேல், சீமையகத்தி என்பன காண்க. மெக்சிக்கோ நாட்டு மரமொன்று நம் நாட்டிற்கு வந்தபோது, அதன் சுருண்ட காயை நோக்கிக் கொடுக்காப்புளி என்றனர். இன்னும் சிறந்த சான்று ஒன்று உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளியின் மற்றொரு பெருமரம், அடி பருத்துப் பேருருக்கொண்டு நிற்பது, இராமேசுவரக் கரையிலும் மன்னாரிலும் காணப்படுகிறது. பெருக்கமரம் எனவும் ஆனைப்புளி எனவும் பப்பரப்புளி எனவும் அதனை வழங்குவர். அதன் காயினுள் உள்ள மாவு போன்ற சதை புளிக்கும். அதனாற் புளி என்றனர். பருமை நோக்கி ஆனை என்றும், அயன்மை நோக்கிப் பப்பரம் என்றும் அடைகொடுத்தனர்.

இவ்விரு மரங்களும் ஆப்பிரிக்காவில் அண்டை வீட்டார் போல்வன. கறையான் புற்றுகளை ஒட்டி இரண்டும் அருகருகே வளர்தலை ஆங்கு ஆராய்ந்தோர் குறித்துள்ளனர். ஆயின் தமிழில் ஒன்று அடை பெற்றது. மற்றொன்று அடை பெறாதது மட்டுமன்றி, பின்வந்ததற்குப் பெயரளிக்கும் அளவுகோலாகவும் ஆயிற்று. இதனால், புளி முன்வந்தது, பெருக்கம் பின்வந்தது என்பதை எளிதின் உணரலாம். அடை பெறாமை நெடுங்கால உறவிற்குச் சான்று. பிறப்பிடத்திற்குச் சான்று அன்று. இதுவே நாம் வலியுறுத்த விரும்புவது.

6. அயலார் இட்ட பெயர்

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி மேலைநாட்டில் நடந்தது. அராபிய வணிகர் இப்பழத்தை இந்தியாவினின்று பெற்றமையால் 'தமர் இந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். அச்சொல்லே ஐரோப்பிய மொழிகளிற் சென்று திரிந்தது. போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சிட்ட நூலில் இதனைப் பற்றி உரையாடுங்கால், மலையாளக் கரையில் இதனைப் புளி என்பர் என்று குறித்தார். 1678இல் முதற்பகுதி வெளிவந்த வான் ரீடின் மலபார்ச் செடிநூலிலும் புளி என்னும் நம் சொல் இலத்தீன் எழுத்தில் ஏறியது. 1753இல் லின்னேயசு இதற்குத் தாமரிண்டசு இண்டிக்கா என்று பெயர் சூட்டினார். அராபியர் கூறிய இந்தியப் பேரீச்சை என்பதோடு, இந்தியாவிற்குரியது என்னும் அடைமொழியும் சேர்ந்தமையின், ஆப்பிரிக்க மரம் ஒன்று ஒரே பெயரில் இருமுறை இந்திய மரமாயிற்று. பெயரை மட்டும் நம்பிப் பிறப்பிடம் துணிதல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.

இம்மரம் இந்நாட்டிற்கு எப்போது வந்தது என்பதற்குத் தொல்பொருளாய்வு ஓரளவு விடை தருகிறது. உத்தரப் பிரதேசத்து நர்ஹன் என்னுமிடத்து அகழ்வில் கிடைத்த கரித்துண்டுகளுள் புளியமரத்தின் கரியும் இருந்தது. அதன் காலம் கி.மு. 1300 அளவு என்பர். ஆப்பிரிக்காவில் தோன்றிய சோளமும் கம்பும் கி.மு. இரண்டாம் ஆயிரத்தில் இந்நிலத்தை அடைந்துவிட்டன என்பது ஆய்வாளர் பலர்க்கும் உடன்பாடு. கடல்வழித் தொடர்பால் வந்த அவ்வரிசையில் புளியையும் வைத்து எண்ணுதல் பொருந்தும். அங்ஙனமாயின், பழந்தமிழ் நூல்கள் எழுந்த காலத்திற்கு முன்பே பல நூற்றாண்டுகள் இம்மரம் இந்தியாவில் வாழ்ந்திருந்தது. வந்தேறி என்பதாற் பழைய நூல்களின் புளியை ஐயுறுவார் கூற்று இதனால் வலியிழக்கும்.

7. இரு நிலத்துப் பயன்கள்

இனி, பயன்பாட்டை ஒப்பிட்டு நோக்குவோம். மேற்காப்பிரிக்க ஹௌசா மக்கள் இதனைத் 'சாமியா' என்பர். கம்பு மாவினாற் காய்ச்சிய கூழிற் புளிநீர் சேர்த்து உண்பது அவர் வழக்கம். கிழக்குக் கரையில் சுவாகிலி மொழியினர் 'உக்வாஜு' என வழங்கி, பழத்தைக் கரைத்துப் பருகுவர். இலையைக் கீரையாகவும், பட்டையையும் இலையையும் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் மருந்தாகவும் பயன்படுத்துதல் ஆங்குப் பரவலாக உண்டு.

கிருட்டிணகிரிப் பகுதியின் அன்றாட உணவு கேழ்வரகுக் களி. அதனோடு புளி கரைத்த குழம்பு, அல்லது காராமணி முதலிய பயறு இட்ட சாறு. கேழ்வரகு கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்துப் பயிர்; காராமணியும் ஆப்பிரிக்காவினது. எனவே, இவ்வட்டாரத்து உழவர் தமக்கே உரியதெனப் போற்றும் உணவின் உறுப்புகள் பல அப்புல்வெளி நிலத்தினின்று வந்தவை. மழை குன்றிய செம்மண் மேட்டில் அவை தழைத்தமை வியப்பன்று. தாய்நிலத்தை ஒத்த தட்பவெப்பம் அவற்றிற்கு இங்குக் கிடைத்தது. ஆழ வேரோடி வறட்சியைத் தாங்கும் புளியமரம், பயிர் பொய்த்த ஆண்டிலும் பழம் தந்து குடும்பத்தைத் தாங்கியது.

பழத்தின் புளிப்பு பெரும்பாலும் தார்த்தாரிக் அமிலத்தால் ஆவது. எலுமிச்சையின் புளிப்பு வேறு. பழச்சதை குழம்பிற்கும், பித்தளைக் கலம் விளக்குதற்கும் ஆயிற்று. இளந்தளிர் பருப்போடு சேர்ந்து கறியாயிற்று. கொட்டையின் மாவு நெசவாளர் பாவிற்குப் பசையாயிற்று. கொட்டை பல்லாங்குழிக்குக் காயாயிற்று. வயிரம் பாய்ந்த கட்டை செக்கிற்கும் உரலுக்கும் உதவியது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய் தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதியில் நெடுங்காலம் இருந்து வருவது. புளி உண்ட சிறுவர் அந்நச்சைச் சிறுநீரில் மிகுதியாகக் கழித்தனர் என ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர் 2002இல் வெளியிட்டனர். முன்னோர் இதனை அறிந்து உண்டனர் எனல் மிகையாகும். உண்ட பழக்கம் நன்மையும் பயந்திருக்கக்கூடும் எனல் தகும்.

சமய வழக்கிலும் இம்மரம் இடம்பெற்றது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்த புளி 'உறங்காப்புளி' எனப்படும். புளியின் சிற்றிலைகள் இரவிற் கூம்புதல் இயற்கை. அதனைக் கூர்ந்து கண்டவரே, கூம்பாத மரத்தை உறங்காதது எனப் பெயரிட்டனர்.

8. இன்றைய நிலை

1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் ஓசூர் வேளாண் சிற்றூர் என்னும் நிலையினின்று மாறித் தொழில் நகராயிற்று. ஊர்தி, கடிகாரம் முதலியன ஆக்கும் ஆலைகள் வந்தன. பெங்களூருவையும் கிருட்டிணகிரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை அகன்றது. தமிழகமெங்கும் சாலைகள் அகன்றபோது ஓரத்து நெடுமரங்கள் வீழ்ந்தன. அவற்றுட் புளியும் மிகுதி. சாலையோரப் புளியின் விளைவை ஆண்டுதோறும் ஏலம் விடுதல் நெடுநாள் வழக்கு. அம்மரங்கள் குறையுந்தோறும், தமக்கென நிலமில்லாதார்க்கு அவற்றினின்று கிடைத்த கூலியும் குறையும்.

இழப்பு பொருளளவில் நிற்பதன்று. தைக்குப் பின் பழம் உலுக்கி, ஓடு தட்டி, நார் களைந்து, கொட்டை நீக்கிப் புளியைச் செவ்வி செய்யும் தொழில் இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் பெரும்பாலும் பெண்டிர் கையது. அத்தொழிலின் ஒவ்வொரு படிக்கும், கருவிக்கும், பழத்தின் பக்குவத்திற்கும் மும்மொழி கலந்த பெயர்கள் அவர் நாவில் உள. தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே காட்டுப்புறத்தில் உள்ள உரிகம் என்னும் ஊரின் பெயர் ஒரு புளிவகைக்குப் பெயராய் வேளாண் நூல்களில் ஏறிவிட்டது. ஏனைய பெயர்கள் ஏடேறவில்லை. அவற்றை வழங்குவோரின் மக்கள் ஆலைப்பணிக்குச் செல்லுங்கால் தொழிலொடு சொல்லும் மறையும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். புளி என்பது முதற்கண் சுவைப்பெயர். பின்னர் மரத்திற்கு ஆயிற்று. அம்மரம் ஆப்பிரிக்காவில் தோன்றியதாயினும், தொல்காப்பியர்க்கு முன்னரே தமிழிற் தனிப்புணர்ச்சி பெறும் மரப்பெயராய் நிலைத்தது. சொல் தமிழ்ச்சொல் ஆதலின் மரமும் தமிழ்நாட்டது என்பாரும், மரம் அயலது ஆதலின் பழம்புளி வேறு என்பாரும், பெயரின் பழமையையும் பொருளின் பிறப்பையும் ஒன்றெனக் கொண்டு மயங்கினர்.

எல்லைப்புறத்துப் புளித்தொழிற் சொற்களைத் தொகுத்து, தமிழ், தெலுங்கு, கன்னட வடிவங்களை ஒப்புநோக்கி, மரப்புணர்ச்சியும் சுவைப்புணர்ச்சியும் பேச்சு வழக்கில் எங்ஙனம் வேறுபடுகின்றன என ஆராயும் பணி எஞ்சி நிற்கிறது. முதுகலை மாணவர் ஓரிருவர் தை, மாசித் திங்கள்களில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிச் சிற்றூர்களிற் தங்கினால் இதனைச் செய்து முடிக்கலாம். புளி தட்டும் முதியோர் உள்ளபோதே அது தொடங்கப்பெறல் வேண்டும்.